மூன்று மார்க் வாங்கிய படகு

“யாரும் எடுக்கலை மேடம். அதான் திருப்பி அனுப்பிட்டேன்” என்றார் நாகராஜ்.

ஓசூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு வளையல் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் இருந்தது அவருடைய கடை. வீடியோ கேம் சிடிகளை வார வாடகைக்குக் கொடுப்பார். முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவள், சீருடையைக்கூட மாற்றாமல் நேராக அங்கே போயிருந்தேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

“படகை எப்படிங்க யாரும் எடுக்காம இருப்பாக? நான்தான் அவ்வளவு நல்லா எழுதிக் கொடுத்தேனே?”

“நல்லாவா?” நாகராஜ் சுவரைத் திரும்பிப் பார்த்தார். “நீங்கதானே மேடம் மூணு மார்க் போட்டீங்க? பெங்களூர்க்காரன்கூட நாலு குடுத்தான். நீங்க அதுலயும் ஒண்ணு குறைச்சுட்டீங்க. ரெண்டு பேருமே வேண்டாம்னு சொன்ன சிடிய நான் வெச்சுக்கிட்டு என்ன பண்றது?”

சுவரில் பக்கம் பக்கமாக இரண்டு காகிதங்கள் ஒட்டியிருந்தன. இடப்பக்கம் இருந்தது பெங்களூரிலிருந்து வரும் ஆங்கில மாத இதழில் வெட்டியது. வழவழப்பான தாள், கலர் படம், கீழே வட்டத்துக்குள் ஒரு நான்கு. வலப்பக்கம் இருந்தது என்னுடையது. கட்டம் போட்ட தாள், நீல மையில் சில வரிகள், கடைசியில் சிவப்பு மையில் பெரிதாக ஒரு மூன்று.

என் கையால் போட்ட மூன்று. அது மார்க்கே இல்லை என்று எனக்குத் தெரியும். அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்பது அந்த நிமிஷம்தான் உறைத்தது.

இப்போது எழுதும்போது சிரிப்பாக வருகிறது. அன்றைக்கு வந்தது அழுகை. ஞாயிற்றுக்கிழமை, என்னோடு தங்கியிருந்த தேன்மொழி ஊரைவிட்டுப் போகிறாள். அதற்குள் நாங்கள் இருவரும் அந்தப் படகைக் கரை சேர்த்தாக வேண்டும். அதையோ நானே என் சிவப்புப் பேனாவால் கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டிருந்தேன்.

குலுக்கலில் விழுந்த பெட்டி

இந்தத் தொடரை வாசிக்கிற சிலர், “நீங்கள் முதன்முதலில் விமர்சனம் எழுதியது எந்தப் புத்தகத்துக்கு?” என்று கேட்டு எழுதுகிறார்கள். புத்தகத்துக்கு இல்லை என்று சொன்னால் ஏமாந்துபோவார்கள் என்றுதான் இத்தனை வாரமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தேன்.

நான் சாத்தூர்ப் பக்கத்துக்காரி. டிப்ளமோ முடித்த கையோடு ஓசூரில் ஒரு தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தேன். இருசக்கர வண்டிகளுக்கு வேகம் காட்டும் மீட்டர் செய்கிற இடம். அந்த ஊர்க் குளிரில் முதல் மாதம் நான் பட்ட பாட்டைச் சில வாரங்களுக்கு முன்பு எழுதியிருந்தேன். அதை மறுபடி சொல்லி உங்களை நடுங்க வைக்கப்போவதில்லை.

ஏழு பெண்கள் சேர்ந்து ஒரு வீடு எடுத்திருந்தோம். ஆறு பேர் தெற்கிலிருந்து வந்தவர்கள். ஏழாவது ஆள் தேன்மொழி. அவளுக்குத் தேன்கனிக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பஸ்ஸில் வந்துபோகிற தூரம்தான். ஆனால் இரண்டாம் ஷிப்ட் முடிந்து போனால் ரோட்டில் யானை நிற்கும் என்பதால் எங்களோடு தங்கியிருந்தாள். என்னைவிட நான்கு வயது இளையவள். தமிழில் பேச ஆரம்பித்து, தெலுங்கில் கோபித்து, கன்னடத்தில் சமாதானம் ஆவாள்.

கம்பெனியின் குடும்ப விழாவில் ஒரு குலுக்கல் நடக்கும். மிக்சி, குக்கர், சுவர்க்கடிகாரம் என்று பரிசுகள் இருக்கும். முதல் பரிசாக அந்த வருஷம் யாருக்கு என்ன தோன்றியதோ, ஒரு வீடியோ கேம் கன்சோலை வைத்துவிட்டார்கள். அது தேன்மொழி பேருக்கு விழுந்தது.

அவள் மேடையிலிருந்து இறங்குவதற்குள் எங்கள் சூப்பர்வைசர் ஓடி வந்தார். “ஏம்மா, இது பசங்க ஆடறது. உனக்கு எதுக்கு? என் பையன்கிட்ட குடுத்துடு, நான் புது மிக்சியா வாங்கித் தர்றேன்.”

“மிக்சில நாங்க ஏற்கெனவே ஆடிக்கினுதான் சார் இருக்கோம்” என்று சொல்லிவிட்டுப் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள் அவள். அந்த ஒரு பதிலுக்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

முதல் ஷிப்ட் வாரங்களில் மூன்று மணிக்கெல்லாம் வீட்டில் இருப்போம். சாப்பிட்டுவிட்டு, முகம் கழுவி, அவரைக்காய் சீசனாக இருந்தால் முறம் நிறைய உரித்துக்கொண்டே டிவி முன்னால் உட்காருவோம். அவரைக்காய் உரித்த விரலில் ஒரு பிசுக்கு ஒட்டியிருக்கும். அதே விரலோடு கன்ட்ரோலரைப் பிடிப்போம். இன்றைக்கும் மார்கழியில் சந்தையில் அவரைக்காய் வாசனை வந்தால் என் கட்டைவிரல் இரண்டும் தானாக அசைகிறது.

குறைக்கு ஒரு புள்ளி

தொழிற்சாலையில் என் வேலை கடைசிப் பரிசோதனை. மீட்டர் முழுசாகச் செய்து முடித்து மேசைக்கு வரும். நான் அதில் குறை தேட வேண்டும். கண்ணாடியில் கீறல், முள்ளில் கோணல், எழுத்தில் மங்கல். ஒவ்வொரு குறைக்கும் ஒரு புள்ளி. சாயங்காலம் எல்லாப் புள்ளிகளையும் கூட்டி லைன் முகப்பிலிருக்கும் பலகையில் எழுதுவார்கள். எண் ஏறினால் மேனேஜர் முகம் இறங்கும். ஒரு தடவை ஏழிலிருந்து நான்குக்கு வந்தபோது லைன் முழுக்க மைசூர்பாகு கொடுத்தார்கள்.

மூன்று வருஷம் இப்படியே போனால் புத்தி எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். சின்ன எண் என்றால் சந்தோஷம், பெரிய எண் என்றால் கலவரம். பக்கத்து வீட்டுக் குழந்தை கணக்கில் தொண்ணூற்றெட்டு வாங்கியிருப்பதாகச் சொன்னபோது ஒரு நொடி எனக்கு ஐயோ பாவம் என்றிருந்தது.

பரிசோதனைத் தாளில் இரண்டு கையெழுத்து இருக்கும். ‘பரிசோதித்தவர்’ என்று ஒன்று, ‘சரிபார்த்தவர்’ என்று ஒன்று. குறைகளை எழுத வரிசையாகக் கட்டம் இருக்கும். பாராட்ட ஒரு கட்டமும் கிடையாது. நன்றாக இருப்பதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? நன்றாக இருந்தால் டப்பாவில் போட்டு அனுப்ப வேண்டியதுதானே.

பெங்களூர்க்காரரும் நானும்

நாகராஜ் கடைச் சுவரில் முதலில் ஆங்கில விமர்சனம் மட்டும்தான் இருந்தது. யார் எழுதுகிறார் என்று பெயர் இருக்காது. நாங்கள் அவரைப் ‘பெங்களூர்க்காரர்’ என்று சொல்வோம். எனக்கு அவரைக் கண்ணால் காணாமலேயே பிடிக்காமல் போய்விட்டது.

ஒரு சண்டை ஆட்டத்துக்கு அவர் பத்துக்கு ஒன்பது கொடுத்திருந்தார். அதை நம்பி எடுத்துக்கொண்டு போனோம். வில்லனின் ஆட்கள் எத்தனை பேர் செத்தாலும் எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள். ஒருவன் சுவருக்குள் பாதி உடம்பு போன நிலையில் நின்று எங்களைச் சுட்டான். நான் கடுப்பாகி, பையில் மடித்து வைத்திருந்த பரிசோதனைத் தாளை எடுத்து ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தேன். இருபத்தேழு குறை வந்தது. கீழே சிவப்பில் 27 என்று போட்டுக் கையெழுத்திட்டேன்.

“தேனு, சரிபார்த்தவர் இடத்துல ஒரு கையெழுத்துப் போடு.”

“மாட்டன் போ. இன்னிக்கு எனக்கு லீவு. குறை கண்டுபிடிக்கறது ஒனக்கு வேலை அக்கா, நான் ஆட வந்தவ” என்று அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

சிடியைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்தத் தாளையும் நாகராஜிடம் கொடுத்தேன். அவருக்குக் கன்னடமும் தெலுங்கும் வாசிக்கத் தெரியும். தமிழ் பேசுவார், வாசிக்க வராது. ஆனால் கட்டம் போட்ட தாளும், அச்சடித்த தலைப்பும், இரண்டு கையெழுத்துக்கு இடமும் பார்த்து அசந்துபோய்விட்டார். “பெங்களூர்ல இருக்கறவன் எழுதினா நம்ம ஊருக்கு எப்படிப் பொருந்தும்? நீங்க எழுதுங்க மேடம்” என்று அப்போதே சுவரில் ஒட்டினார்.

அடுத்த வாரம் அந்தச் சண்டை ஆட்டத்துக்கு எட்டுப் பேர் காத்திருந்தார்கள். எங்கள் கம்பெனி டூல் ரூமில் வேலை பார்க்கிற ஒருத்தர் என்னைப் பார்த்ததும், “நீங்க சொன்னது கரெக்ட்டுங்க. சூப்பர் கேமு” என்று கை கொடுத்தார். இருபத்தேழு குறை சொன்ன பிறகும் ஆசையாக எடுத்துப் போகிறார்களே, இந்த ஊர் ஆட்களுக்கு ரசனையே இல்லையா என்று நினைத்துக்கொண்டேன். நான் எழுதிய வரிகளை யாராவது வாசித்திருப்பார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இருந்தது. இத்தனை வருஷம் விமர்சனம் எழுதிவிட்டேன், அந்த நம்பிக்கை இப்போது கொஞ்சம் தேய்ந்திருக்கிறது.

பின்னால் விசாரித்தபோதுதான் தெரிந்தது. இருபத்தேழு என்றால் முப்பதுக்கு இருபத்தேழு என்று டூல் ரூம்காரர் எல்லோருக்கும் விளக்கம் கொடுத்திருக்கிறார். ஒரு கால்பந்து ஆட்டத்துக்கு நான் பதினான்கு போட்டிருந்தேன். அது பாதி மார்க்குக்குக் கொஞ்சம் கீழே என்று முடிவாகியிருந்தது.

படகு

அந்த ஆட்டத்தின் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. அட்டையில் இருந்தது ஜப்பான் எழுத்து. நாகராஜ் அதன்மேல் கன்னடத்தில் ‘போட்’ என்று எழுதியிருந்தார். நாங்கள் படகு என்றோம்.

ஒரு ஆறு. ஒரு சின்னப் படகு. அதில் இரண்டு பேரும் ஒரு நாயும். ஒருவர் கையில் இடப்பக்கத் துடுப்பு, மற்றவர் கையில் வலப்பக்கத் துடுப்பு. இரண்டு கன்ட்ரோலரும் ஒத்துப்போனால்தான் படகு நேராகப் போகும். சுடுவதற்கு ஆள் இல்லை, பறிப்பதற்குப் பொருள் இல்லை. பன்னிரண்டு வளைவு தாண்ட வேண்டும், அவ்வளவுதான். ‘மெதுவானது, நோக்கம் இல்லாதது’ என்று எழுதிப் பெங்களூர்க்காரர் நான்கு கொடுத்திருந்தார். தனியாக உட்கார்ந்து ஆடியிருப்பார், பாவம்.

தேன்மொழி இடது, நான் வலது. முதல் நாள் படகு சுற்றிச் சுற்றியே வந்தது. இரண்டாம் நாள் முட்டி நின்றோம். மூன்றாம் நாள் முதல் வளைவைத் தாண்டியதும் வீட்டில் ஏழு பேரும் போட்ட கூச்சலில் வீட்டுக்கார அம்மா ஓடி வந்துவிட்டார். அதன் பிறகு அவரும் தினம் நான்கு மணிக்கு வந்து எங்களோடு அவரைக்காய் உரித்தார்.

ஐந்து வாரத்தில் பத்து வளைவு தாண்டினோம். பதினோராவது வளைவில் ஒரு அருவி. அங்கே மாட்டிக்கொண்டோம். எத்தனை தடவை போனாலும் படகு பக்கவாட்டில் திரும்பிக் கவிழும். நாய் நீந்திக் கரையேறி உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்க்கும். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியாது.

அந்தச் சமயத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. வடக்கே, இமயமலை அடிவாரத்தில் கம்பெனி புதிதாக ஒரு தொழிற்சாலை திறக்கிறது. அங்கே வரும் பெண்களுக்கு வேலை சொல்லிக்கொடுக்க ஓசூரிலிருந்து ஒருத்தியை ஒரு வருஷத்துக்கு அனுப்புகிறார்கள். தேன்மொழி! ரயிலே ஏறியிராத தேன்மொழி! அன்று வீட்டில் கேசரி கிண்டினோம்.

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை மட்டும் வைத்தாள்.

“அக்கா, அந்த அருவியத் தாண்டி என்னா இருக்குதுன்னு பாக்காம நான் ரயில் ஏற மாட்டன். பாதி ஆத்துல உட்டுட்டுப் போனா எனக்கு அங்க தூக்கம் வராது.”

“தாண்டிருவோம் தேனு. நான் இருக்கேன்ல.”

இந்த வாக்கைக் கொடுத்தவள் என்ன செய்தேன் தெரியுமா? நடுவில் ஒரு வாரம் எங்கள் இருவருக்கும் வேறு வேறு ஷிப்ட் வந்தது. சேர்ந்து ஆட வழியில்லை. சும்மா கிடப்பானேன், ஊரும் அனுபவிக்கட்டும் என்று பெருந்தன்மையாகச் சிடியை நாகராஜிடம் திருப்பிக் கொடுத்தேன். கூடவே அதுவரை நான் எழுதியதிலேயே உயர்ந்த விமர்சனத்தையும் கொடுத்தேன்.

குறை ஒன்று: நாயின் நிழல் தண்ணீரில் விழவில்லை. குறை இரண்டு: நான்காவது வளைவில் ஒரே கொக்கு மூன்று தடவை பறக்கிறது. குறை மூன்று: அட்டைப் படத்தில் இருக்கும் மலை ஆட்டத்தில் எங்கேயும் வரவில்லை. மொத்தம் 3.

மூன்றே மூன்று! தொழிற்சாலையில் இப்படி ஒரு எண் வந்தால் மைசூர்பாகு போதாது, பிரியாணியே போடுவார்கள். எழுதி முடித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

மாதக் கடைசியில் யாரும் தொடாத சிடிகளை நாகராஜ் எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் இருக்கும் மொத்த வியாபாரிக்குத் திருப்பி அனுப்பிவிட்டு வேறு வாங்குவார். மூன்று மார்க் படகு முதல் கட்டிலேயே போய்விட்டது.

அத்திப்பள்ளி

அது மார்க் இல்லை, குறைகளின் கணக்கு என்று கடையில் நான் விளக்கிச் சொன்னதும் நாகராஜ் சுவரில் இருந்த மூன்றை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாக, “அப்ப அந்த இருபத்தேழு?” என்றார்.

“இருபத்தேழு குறை.”

“அய்யய்யோ” என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “அத நானு மூணு காப்பி வாங்கிப் போட்டேனே மேடம்!”

தேன்மொழி ஊரில் விடைபெறப் போயிருந்தாள். சனிக்கிழமை மத்தியானம்தான் திரும்பினாள். ஒரு கையில் அவள் அம்மா கொடுத்த ராகி மாவு, மறு கையில் வறுத்த நிலக்கடலை. நான் வாசலிலேயே நிறுத்தி எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“ஊரெல்லாம் குறை தேடுன கைக்கு நல்லா வேணும்” என்றாள். பிறகு எழுந்து உள்ளே போய், ஆட்டத்தைச் சேமித்து வைத்திருந்த மெமரி கார்டை எடுத்து மணிபர்சில் போட்டாள். “ஏறு அக்கா, பஸ்ஸு. நாளைக்கு சாயங்காலம்தான எனக்கு ரயிலு?”

அத்திப்பள்ளி கால் மணி நேரம். எல்லைச் சோதனைச்சாவடிக்கு ஒரு மைல் முன்பிருந்தே லாரிகள் வரிசையாக நின்றன. வெயிலில் டீசல் வாசனையும், ராயக்கோட்டைப் பக்கமிருந்து வந்த தக்காளியின் வாசனையும் கலந்து அடித்தது. பாதி வழியில் இறங்கி நடந்தோம். அந்தக் கடை சாவடிக்குப் பக்கத்திலேயே, ஒரு டிவி ரிப்பேர்க் கடையின் பின்கட்டில் இருந்தது.

வாசலில் கால் வைக்கும்போதே தேன்மொழி என் கையைப் பிடித்தாள். உள்ளேயிருந்து ஒரு சத்தம். சளப். சளப். எங்கள் துடுப்புச் சத்தம்.

வியாபாரி சிவண்ணாவும் அவர் மனைவி சாரதம்மாவும் ஆளுக்கொரு கன்ட்ரோலரோடு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். படகு இரண்டாவது வளைவில் பாறையில் முட்டிக்கொண்டு நின்றது. இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“நீனே தப்பு மாடித்து” என்றார் அவர். தப்பு உன்னுடையதுதான் என்று அர்த்தம்.

சாரதம்மா அதற்குச் சொன்ன பதிலைத் தேன்மொழி எனக்கு மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள்.

விஷயத்தைச் சொன்னோம். சிவண்ணாவுக்குத் தமிழ் நன்றாகவே வந்தது. “இந்த சிடியா? யாருக்கும் வேண்டாம்னு ஓசூர்லயிருந்து திரும்பி வந்தது. சும்மா போட்டுப் பார்த்தேன். இப்ப இவ சமையல்கூடப் பண்றதில்ல. தர முடியாதும்மா.”

“மார்க் எல்லாம் நீங்க பாக்கறதில்லயா?” என்றேன். அவர் கடைச் சுவரில் ஒரு காகிதமும் இல்லை.

“எதுக்கு? போட்டு ஆடினா தெரிஞ்சிடுது.”

பெங்களூர்க்காரரையும் என்னையும் ஒரே வரியில் வேலையைவிட்டு அனுப்பிவிட்டார் மனிதர்.

தேன்மொழி கன்னடத்தில் இறங்கினாள். சிடி வேண்டாம், இங்கேயே உட்கார்ந்து ஆடுகிறோம், உங்களுக்கு இரண்டாவது வளைவைத் தாண்டக் கற்றுத்தருகிறோம், எங்களுக்குப் பதினோராவதில் ஒரே ஒரு வாய்ப்புக் கொடுங்கள், நாளைக்கு நான் இமயமலைக்குப் போகிறேன் என்றாள். இமயமலை என்றதும் சாரதம்மா எழுந்து இடம் விட்டார். சாமியாராகப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ.

பதினோராவது வளைவு

மெமரி கார்டைச் செருகினோம். படகு அருவிக்கு மேலே வந்து நின்றது. நாய் முன்னால் உட்கார்ந்திருந்தது.

முதல் தடவை கவிழ்ந்தோம். இரண்டாம் தடவையும் கவிழ்ந்தோம். லாரிக்குக் காகிதம் வரும்வரை காத்திருந்த டிரைவர்கள் இரண்டு பேர் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் துண்டில் தக்காளி கட்டி வைத்திருந்தார். அதைக் கடித்துக்கொண்டே, “எடக்கே! பலக்கே!” என்று இடது வலது சொல்ல ஆரம்பித்தார். ஆறாவது தடவையும் நாய் நீந்திக் கரையேறி எங்களைப் பார்த்தது.

அப்போது சாரதம்மா என் தோளைத் தட்டினார். கன்னடத்தில் படபடவென்று ஏதோ சொன்னார். தேன்மொழி சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பினாள்.

“அக்கா, கோச்சுக்காத. அருவிகிட்ட வந்தா நீ ஆத்தப் பாக்கறதே இல்லயாம். நாயப் பாக்கறியாம், கொக்கப் பாக்கறியாம், அப்புறம் பயந்துபோயி வலதுல கண்டபடி போடறியாம். நீ கொஞ்சம் துடுப்பத் தூக்கிக்கினு சும்மா இருந்தா நான் ஒருத்தியே திருப்பிடுவேனாம்.”

ஐந்து வாரமாக நிழல் விழவில்லை, கொக்கு திரும்ப வருகிறது என்று கணக்கெடுத்தவளிடம், பெரிய குறையே நீதான் என்று ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார் அந்த அம்மா. கோபம் வந்தது உண்மை. அவர் சொன்னது சரி என்பதும் உண்மை.

ஏழாவது தடவை அருவி விளிம்புக்கு வந்ததும் நான் பொத்தானிலிருந்து விரலை எடுத்தேன். வெறுமனே மடியில் வைத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான காரியங்களில் அது ஒன்று. தேன்மொழி இடப்பக்கம் ஒரு போடு போட்டாள். படகு மெல்லத் திரும்பியது. மூக்கு கீழே பார்த்தது. திரை முழுக்க வெள்ளைத் தண்ணீர்.

அப்புறம் அமைதியான ஆறு. நாய் எழுந்து வாலை ஆட்டியது.

பின்கட்டே இரண்டுபட்டது. டிரைவர் தக்காளியை மேலே எறிந்து பிடித்தார். சிவண்ணா தன் மனைவியின் கையைக் குலுக்கினார். தேன்மொழி மூன்று மொழியிலும் கத்தினாள். நான் அவள் தலையைப் பிடித்து ஆட்டினேன்.

பன்னிரண்டாவது வளைவு சுலபமாக இருந்தது. திரும்பியதும் ஆறு அகன்றுகொண்டே போனது. கரை இரண்டும் விலகின. தூரத்தில் ஒரு நீல மலை. அட்டையில் இருந்த அதே மலை! பிறகு கடல். கன்ட்ரோலர் எங்கள் பேச்சைக் கேட்கவில்லை. படகில் இருந்த இரண்டு பேரும் துடுப்பைத் தாங்களே உள்ளே எடுத்துவைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்கள். படகு தானாக மிதந்தது.

“அஷ்டேனா?” என்றார் டிரைவர். அவ்வளவுதானா என்று கேட்கிறார்.

“அவ்வளவுதான் அண்ணா” என்றாள் தேன்மொழி. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். என் கண்ணை அவள் பார்த்திருப்பாள்.

சரிபார்த்தவர்

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நான் பையிலிருந்து ஒரு பரிசோதனைத் தாளை எடுத்து மடிமேல் விரித்தேன். பழைய விமர்சனத்தைத் திருத்த வேண்டும். மலை கடைசியில் வந்துவிட்டதால் மூன்றாவது குறை செல்லாது. நாயின் நிழலும் கொக்கும் எழுதக்கூடிய குறைகளாக எனக்கு இப்போது தோன்றவில்லை. யோசித்து ஒரே ஒரு வரி எழுதினேன்.

குறை ஒன்று: முடிந்துவிடுகிறது. மொத்தம் 1.

கையெழுத்துப் போட்டுத் தேன்மொழியிடம் நீட்டினேன். இத்தனை மாதத்தில் அவள் ஒரு தாளிலும் கையெழுத்துப் போட்டதில்லை. நான் எழுதும் ஒவ்வொரு குறைக்கும் ஒரு பதில் வைத்திருப்பாள். இதற்கும் ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். அவள் அந்த வரியை வாசித்தாள். ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நின்ற லாரிகளைப் பார்த்தாள். பிறகு பேனாவை வாங்கி, பஸ் குலுக்கலில் எழுத்து கோணிக்கொண்டு போக, ‘சரிபார்த்தவர்’ என்ற இடத்தில் பெயரை முழுசாக எழுதினாள்.

“இது ஒண்ணு கரெக்ட்டு அக்கா” என்றாள்.

மறுநாள் சாயங்காலம் அவள் ரயில் ஏறினாள்.

சிவண்ணா தம்பதி பன்னிரண்டு வளைவையும் முடித்துவிட்டுச் சிடியை நாகராஜிடமே அனுப்பி வைத்தார்கள். இனி அதைத் திருப்பி அனுப்பவே கூடாது என்று நான் அவரிடம் வாக்கு வாங்கிக்கொண்டேன். அடுத்து எழுதியவற்றில் நல்லதைச் சொல்லவும் ஒரு கட்டம் நானே கோடு போட்டுச் சேர்த்தேன். எண்ணையும் எல்லோரையும் போலப் பத்துக்கு என்று மாற்றிக்கொண்டேன். பஸ்ஸில் எழுதிக் கொண்டுவந்து ஒட்டிய படகின் தாளை மட்டும் தொடவில்லை. இரண்டு கையெழுத்தும் சிவப்பு மையில் போட்ட ஒன்றுமாக அது அப்படியே சுவரில் இருந்தது.

ஒரு வருஷம் கழித்துத் தேன்மொழி விடுப்பில் வந்தாள். கம்பளிச் சட்டை போட்டிருந்தாள், நான்காவதாக இந்தியும் பேசினாள். பையை வீட்டில் வைத்த கையோடு என்னை இழுத்துக்கொண்டு நாகராஜ் கடைக்குப் போனாள்.

“படகு இருக்குதா அண்ணா? யாராவது எடுத்துக்கினு போயிட்டாங்களா?”

நாகராஜ் மேல் தட்டில் கைவிட்டுத் துழாவிச் சிடியை எடுத்தார். அதன்மேல் ஒரு வருஷத்துத் தூசி இருந்தது.

“ஒரு மார்க் வாங்கின சிடிய இந்த ஊர்ல வேற யாரும்மா கேப்பாங்க?” என்று சட்டையில் துடைத்துக் கொடுத்தார்.

நான்கு மணிக்கு வீட்டுக்கார அம்மா முறத்தோடு வந்து உட்கார்ந்தார். தேன்மொழி இடப்பக்கத் துடுப்பை எடுத்துக்கொண்டாள். முதல் வளைவிலிருந்து ஆரம்பித்தோம்.